குழந்தைக்குப் பால் ஒவ்வாமற் போனால்

காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலை வழியே மேற்கு நோக்கிச் செல்வோர் தாமல் ஏரியைக் காணாமற் கடத்தல் அரிது. மழை வாய்த்த ஆண்டில் அது சிறு கடலெனத் தோன்றும். வாய்க்காத ஆண்டில் ஆடு மாடு மேயும் வெளியாகக் கிடக்கும். அவ்வேரியை நம்பிப் பயிரிடுவோரும், காஞ்சியிலிருந்து பாவு வாங்கி வந்து வீட்டிலேயே நெய்வோரும் அப்பக்கத்து ஊர்களில் அடுத்தடுத்து வாழ்கின்றனர். ஒரே வீட்டில் தறியும் கறவை மாடும் இருப்பது அங்கே புதுமையன்று. சென்ற ஐப்பசியில் வேறோர் அலுவலாக அங்குச் சென்றிருந்த நாம், விடியற்காலையில் பால் ஊற்றும் இடத்தில் கண்ட காட்சியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

இளந்தாய் ஒருத்தி தம் வீட்டுப் பாலை அளந்து ஊற்றிவிட்டுச் சீட்டுக்காக நின்றிருந்தாள். அருகே அவளுடைய மாமியார் இடுப்பில் நான்கு மாதக் குழந்தை. அதன் இரு கன்னங்களும் சிவந்து, தோல் உரிந்து, நீர் கசிந்துகொண்டிருந்தன. சொறியாதபடி கைகள் இரண்டையும் பழந்துணியாற் சுற்றியிருந்தனர். பாலூற்றிய பணத்தில் அன்றைக்கே டவுனுக்குச் சென்று பால்மாவு டப்பா வாங்கவேண்டும் என்றாள் தாய். “நாலு டப்பா மாத்தியாச்சு ஐயா. டப்பாதான் மாறுது, புண்ணு மாறல” என்றார் அம்மூதாட்டி. இடையில் ஒரு வாரம் ஆட்டுப்பாலும் கொடுத்துப் பார்த்தார்களாம். வசம்பு உரைத்துத் தடவியதும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பு பூசியதும், மந்திரித்ததும் அதன்பின் வந்தவை.

அங்கத்தினர் பலர் வீட்டில் நிகழ்வது இதுவே என்பதால், இது பற்றி மருத்துவ நூல்கள் கூறுவதையும் குழந்தை மருத்துவர்களிடம் கேட்டறிந்ததையும் இங்கே விரித்து எழுதுகிறோம்.

முதற்கண் ஒன்று சொல்லவேண்டும். சிசுவின் தோலில் தோன்றும் தடிப்பெல்லாம் பாலால் வந்ததன்று. பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளில் உடலெங்கும் செம்புள்ளி தோன்றித் தானே மறைவது இயல்பு. அதற்கு மருந்தே வேண்டா. சித்திரை வைகாசியில் கழுத்து மடிப்பிலும் முதுகிலும் அரும்புவது வேர்க்குரு. தலையில் மஞ்சளாகச் செதிள் படிவது சில மாதங்களில் உதிர்ந்துபோகும். ஈரத்துணி நெடுநேரம் பட்டதால் இடுப்பும் தொடையும் சிவப்பது வேறு. இவற்றிற்காகக் குழந்தையின் பாலை மாற்றுவது, தறியில் இழை அறுந்தமைக்கு வீட்டுக் கூரையைப் பிரிப்பதை ஒக்கும்.

நாம் கரப்பான் என்று சொல்வது இவற்றினின்றும் வேறானது. கன்னத்திலும் நெற்றியிலும் தொடங்கும். தோல் வறண்டு தடித்து, அரிப்பெடுத்து, சில வேளை நீர் வடியும். தலைமுறையாக இளைப்பும் தும்மலும் உள்ள குடும்பங்களில் இது மிகுதி. இதற்கும் எப்போதும் உணவே காரணம் என்பதில்லை. கரப்பான் கடுமையாக உள்ள குழந்தைகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கே உணவொவ்வாமை இருப்பதாக மருத்துவர்கள் கணக்கிட்டுள்ளனர். ஆகவே தோலை மட்டும் பார்த்து முடிவு செய்தல் இயலாது. எப்பொழுது தொடங்கிற்று, எதைக் குடித்தபின் மிகுந்தது, தோலோடு வேறு என்ன கண்டது என்னும் மூன்றையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.

தாமலில் நாம் கண்ட குழந்தைக்கு இரண்டு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. தோலில் குறையில்லை. பால் போதவில்லை என்று டப்பா வந்தது. பத்து நாளில் கன்னம் சிவந்தது. அடிக்கடி பால் கக்கிற்று. மலத்தில் சளியும், இரண்டொரு முறை இரத்தக் கீற்றும் கண்டதாகத் தாய் தயங்கித் தயங்கிச் சொன்னாள். இரத்தம் என்றதும் எவருக்கும் நெஞ்சு திடுக்கிடும். ஆனால் அவளை அது பற்றி அதுவரை ஒருவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. களிம்பு கொடுத்தவர் கன்னத்தை மட்டுமே பார்த்திருக்கிறார்.

இனி, பால் ஏன் ஒவ்வாமற் போகிறது என்பதைப் பார்ப்போம். ஒவ்வாமை என்பதற்கு மேனாட்டார் வழங்கும் ‘அலர்ஜி’ என்னும் சொல்லை 1906-ஆம் ஆண்டில் ஆக்கித் தந்தவர் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவராகிய பிர்க்கே என்பவர். உடலைக் காக்கும் காவற்படை, தீங்கற்ற ஒன்றைப் பகையென எண்ணிப் போர் தொடுப்பதே இது. பசும்பாலில் உள்ள புரதங்கள் மனிதப் பாலில் உள்ளவை போன்றவையல்ல. 100 மில்லி தாய்ப்பாலில் 1 கிராம் அளவே புரதம் உண்டு. பசும்பாலில் 3 கிராமுக்கு மேல். எருமைப்பாலில் இன்னும் மிகுதி. கன்று சில மாதங்களில் மாடாக வளரவேண்டும். நம் குழந்தைக்கு அவசரமில்லை. பசும்பாலில் உள்ள புரதம் ஒன்று மனிதப் பாலில் தோன்றுவதே கிடையாது. பசும்பாலை அடிப்படையாகக் கொண்ட பால்மாவு எதுவாயினும், டப்பாவின் நிறமும் பெயரும் எவ்வாறிருப்பினும், அதில் இருப்பது இந்தப் புரதங்களே. நான்கு டப்பா மாற்றியும் புண் மாறாத காரணம் இதுவே.

ஆட்டுப்பால் ஒவ்வாதோ என்று பலர் கேட்கின்றனர். ஒவ்வாது. ஆடு, மாடு, எருமை ஆகியவற்றின் பாற்புரதங்கள் உடன்பிறந்தவை போன்றவை. பசும்பால் ஒவ்வாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர்க்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது. அன்றியும் ஆட்டுப்பாலை மட்டுமே கொடுத்து வளர்த்தால் இரத்தம் ஊறுவதற்கு வேண்டிய ஃபோலிக் அமிலம் குறைந்து சோகை உண்டாகும். இன்னொரு மயக்கமும் உண்டு. பாலில் உள்ள சர்க்கரையாகிய லாக்டோஸ் செரிக்காமை வேறு, பாற்புரத ஒவ்வாமை வேறு. முன்னதால் வயிறு உப்பும், கழியும், தோல் தடிக்காது. லாக்டோஸ் நீக்கியது என்று அச்சிட்ட டப்பாவிலும் பசும்பாற் புரதம் இருக்கக்கூடும். அதை வாங்கி ஏமாந்தவர் பலர்.

இவ்வொவ்வாமை இருவகையாக வெளிப்படும். பால் குடித்த சில நிமிடங்களிலோ இரண்டு மணி நேரத்துக்குள்ளோ உடலெங்கும் தடிப்பெழுதல், உதடும் கண்ணிமையும் வீங்குதல், திடீர் வாந்தி ஆகியவை ஒரு வகை. மற்றது மெல்ல வருவது; பல மணி நேரமோ இரண்டு மூன்று நாளோ கழித்துக் கரப்பான், கக்கல், மலத்தில் சளியும் இரத்தமும், ஓயாத அழுகை, எடை ஏறாமை என வெளிப்படும். முதல் வகையில் மூச்சுத் திணறலோ, குரல் கம்மலோ, உடல் வெளுத்துத் துவளுதலோ கண்டால் ஒரு கணமும் தாமதியாது 108 வண்டியை அழைக்கவேண்டும். அவ்வாறு ஒருமுறை நேர்ந்த குழந்தைக்கு வீட்டில் மீண்டும் ஒரு சொட்டுப் பால் கொடுத்துச் சோதித்துப் பார்த்தல் பெருந்தவறு.

இது எத்தனை குழந்தைகளுக்கு வருகிறது? பால்மாவு பெரிதும் வழங்கும் நாடுகளில் முதலாண்டுக் குழந்தைகளில் நூற்றுக்கு 2 அல்லது 3 என்பர். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகளில் 200-க்கு ஒன்றளவே. தாய் அருந்தும் பாலின் புரதம் சிறிதளவு அவள் பாலிலும் கலந்து வருவதால் அவ்வொருவருக்கு நேர்கிறது. ஜப்பானில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று நம் கவனத்துக்குரியது. பிறந்த முதல் மூன்று நாட்களில் பசும்பால் மாவு புகட்டப்பெறாத குழந்தைகளிடம் பின்னர்ப் பாலொவ்வாமை குறைவாக இருந்ததென அது கண்டது. ஒரு நாள்தானே, ஒரு சங்கு பால்தானே என்று நாம் எண்ணுகிறோம். அச்சிறு அளவே விதையாகிவிடலாம்.

நிற்க. டப்பாப்பாலைப் பழிப்பது எமது நோக்கமன்று. தாயை இழந்த குழந்தைக்கும், உடல்நிலை காரணமாக மருத்துவர் தாய்ப்பால் கூடாதெனத் தடுத்த குழந்தைக்கும் அதுவே உயிர் காப்பது. கூட்டுறவாளராகிய நமக்கு அதில் பெருமை கொள்ளத்தக்க வரலாறும் உண்டு. ஒரு காலத்தில் நம் நாட்டுக்கு வேண்டிய குழந்தைப் பால்மாவு கப்பலில் வந்தது. எருமைப்பாலை மாவாக்க இயலாது என்றே வெளிநாட்டு நிபுணர் கூறி வந்தனர். குஜராத்தில் ஆனந்த் என்னும் ஊரில் 1946-இல் தோன்றிய கெய்ரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் அதைச் செய்து காட்டிற்று. வர்கீஸ் குரியனோடு பணியாற்றிய தலாயா என்னும் பொறியாளர் எருமைப்பாலைத் தூவி உலர்த்தி மாவாக்கும் முறையை நிலைநாட்டினார். அவ்வாலையை நேரு 1955 அக்டோபர் 31 அன்று திறந்து வைத்தார். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார், கொழுப்பும் புரதமும் மிகுந்த எருமைப்பாலைச் சிசுவுக்கு ஏற்றவாறு திருத்தும் வழியைக் கண்டனர். அதைக் கொண்டு அமுல் என்னும் பெயரில் குழந்தை உணவு வெளிவந்தது. ஏழை உழவன் ஊற்றிய எருமைப்பால் அன்னியச் செலாவணியை மிச்சமாக்கியது.

ஆயினும் இதே பால்மாவு தேவையற்ற இடத்தில் புகுந்தபோது விளைந்த கேட்டையும் உலகம் கண்டது. சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் 1939-ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் எழுந்து நின்று, டின் பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடெனச் சொல்லி விற்பதைக் கொலைக்கு ஒப்பிட்டுப் பேசினார். உலக சுகாதார நிறுவனம் 1981-இல் விற்பனை நெறி வகுத்தது. நம் நாட்டில் 1992-இல் சட்டம் பிறந்து, 2003-இல் மேலும் இறுக்கப்பட்டது. அதன்படி குழந்தைப் பால்மாவுக்கு விளம்பரம் கூடாது. டப்பாவில் குழந்தைப் படமோ தாயின் படமோ கூடாது. தாய்மார்க்கு இலவச மாதிரி வழங்கலாகாது. தாய்ப்பாலே சிறந்தது என்னும் வாசகம் டப்பாவின் மீதே இருத்தல் வேண்டும். வாங்குவோரில் எத்தனை பேர் அதைப் படிக்கின்றனர் என்பது வேறு செய்தி.

அப்படியிருந்தும் டப்பா நம் வீட்டுக்குள் எவ்வழியாக வருகிறது? தமிழ்நாட்டில் இன்று பிள்ளைப்பேறு ஏறத்தாழ முழுவதும் மருத்துவமனையிலேயே நிகழ்கிறது, அது நற்செய்தி. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு ஏறக்குறைய 45 பேறுகள் அறுவை வழியாக நிகழ்கின்றன. தாய் மயக்கம் தெளிந்து, வலி தாங்கிப் பாலூட்டுவதற்குள் உறவினர் கையில் டப்பா வந்துவிடுகிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெறுவோர் நூற்றுக்கு 55 பேர் என்கிறது அதே கணக்கு.

மற்றொரு வழி தறி. இதைச் சொல்ல நாம் கூசுகிறோம். ஆயினும் சொல்லாதிருத்தல் நேர்மையன்று. கோர்வைச் சேலை நெய்யத் துணைக்கை வேண்டும். தார் சுற்றவும் இழை பிணைக்கவும் வீட்டுப் பெண்ணே வேண்டும். பண்டிகை நெருங்கச் சேலையைக் குறித்த நாளில் சேர்த்தாலன்றிக் கூலி இல்லை. தாமல் தாயும் பிள்ளை பெற்ற 50-ஆம் நாள் தறிக்கு வந்தவளே. இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து பாலூட்டினால் வேலை நிற்கும். பாலூட்டாவிடில் பால் வற்றும். பால் போதவில்லை என்று அவள் சொன்னதன் உட்பொருள் இதுதான். 1961-ஆம் ஆண்டுப் பேறுகாலச் சட்டம் 2017-இல் திருத்தப்பெற்று, ஆலையிலும் அலுவலகத்திலும் உள்ள பெண்களுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு அளித்தது. வீட்டில் சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவளுக்கு அவ்விடுப்பு இல்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கொடுத்த பாவிற்கு ஆறு மாதம் வரை கெடு நீட்டித்துத் தருவது எந்த நெசவாளர் சங்கத்துக்கும் இயலாத செயலன்று என்பது எமது கருத்து. இதை அடுத்த பொதுக்குழுவில் எவரேனும் எழுந்து கேட்பாராக.

ஒவ்வாமை என்ற ஐயம் எழுந்தால் செய்யவேண்டுவன யாவை? தாய்ப்பாலை நிறுத்துதல் ஒருபோதும் கூடாது. நிறுத்தியிருப்பினும், குழந்தையை அடிக்கடி மார்பில் இட்டுச் சப்பச் செய்தால் பால் மீண்டும் சுரக்கும். கிராம சுகாதாரச் செவிலியர் வழி காட்டுவார். பால்மாவை மருத்துவர் சொற்படி விலக்கி, இரண்டு முதல் நான்கு வாரம் பார்க்கவேண்டும். தாய்ப்பால் குடிக்கையிலேயே அறிகுறி இருப்பின், தாயும் அந்நாட்களில் பால், தயிர், மோர், பாலடைக்கட்டி, பால் கலந்த இனிப்பு, பிஸ்கோத்து ஆகியவற்றை விலக்கல் வேண்டும். தாய்க்குச் சுண்ணாம்புச் சத்து குறையாதிருக்க மருத்துவர் மாத்திரை தருவார். கேழ்வரகும் எள்ளும் கீரையும் துணை செய்யும். நம் கொல்லைக் கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தோலும் வயிறும் தேறியபின், மெல்ல வரும் வகையாயின், மருத்துவர் சொல்லும் நாளில் மீண்டும் பாலைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். மறுபடி தடித்தால் ஒவ்வாமை உறுதி. தடிக்காவிடில் வீணே விலக்கவேண்டா. இந்த இரண்டாம் படியைப் பலர் விட்டுவிடுகின்றனர். அதனால் ஒவ்வாமையே இல்லாத பிள்ளை ஆண்டுக்கணக்கில் பாலும் தயிருமின்றி மெலிகிறது.

தாய்ப்பால் அறவே இல்லையெனில், புரதத்தை நுண்ணிதாகச் சிதைத்துச் செய்த தனி மாவு உண்டு. சாதாரண டப்பாவினும் அது பன்மடங்கு விலை, கைப்பும் உண்டு. சோயா மாவு ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. பாலொவ்வாத சிலருக்கு அதுவும் ஒவ்வாது. விலைக்கு அஞ்சி மாவைக் குறைத்து நீரை மிகுத்தல் குழந்தையைப் பட்டினியிடுவதாகும். எம்மாவாயினும் கொதித்த நீரைச் சற்றே ஆறவிட்டு, சூடு தணியுமுன் கலக்கி, உடல் வெப்பத்துக்கு ஆற்றிக் கொடுக்கவேண்டும். இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்ததைக் கொட்டிவிடவேண்டும். புட்டியினும் நம் பாலாடைச் சங்கு நல்லது. கழுவிக் கொதிநீரில் இடுதல் எளிது.

தோலைப் பேணுதல் பற்றிச் சில சொற்கள். வெதுவெதுப்பான நீரில் சிறுபொழுது குளிப்பாட்டி, ஈரம் உலருமுன் மருத்துவர் சொல்லும் பசைக் களிம்போ தூய தேங்காய் எண்ணெயோ தடவுதல் நன்று. நீர் வடியும் புண்ணில் எதையும் பூசாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும். வசம்பு, மஞ்சள், பயற்ற மாவுத் தேய்ப்பு, சாம்பிராணிப் புகை ஆகியன புண்பட்ட தோலுக்கு எரிச்சலூட்டுவன. பெரியோர் அன்பினால் செய்வதைத் தடுப்பது கடினம் என்பதை அறிவோம். குழந்தை ஆறும் வரையிலாவது நிறுத்தி வைக்கலாம். புதுத்துணியில் நாம் போட்ட கஞ்சியே குழந்தைக்கு முள். பலமுறை துவைத்த பருத்தி வேட்டியே அதற்குப் பட்டு. சாயம் தோய்ப்போர் கையை நன்கு கழுவிய பின்னரே குழந்தையைத் தூக்கவேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளில் வன்மையான ஸ்டீராய்டு இருக்கும். குழந்தையின் தோலை அது மெலிவித்துவிடும், இரத்தத்திலும் கலக்கும். மருத்துவர் அளந்து எழுதும் மென்மையான களிம்புக்கு அஞ்சவேண்டா.

தாமல் குழந்தையை அன்று நாம் சொன்னதன் பேரில் காஞ்சிபுரத்தில் குழந்தை மருத்துவரிடம் காட்டினர். காலி டப்பாக்களையும், மலம் பட்ட துணியையும், பூசிய களிம்பையும் கையோடு கொண்டுபோகச் சொல்லியிருந்தோம். மருத்துவருக்கு அவை பெரிதும் உதவினவாம். இரவில் மட்டும் ஊட்டிவந்த தாய், பகலிலும் ஊட்டத் தொடங்கினாள். மூன்று வாரம் தனி மாவும் வாங்கவேண்டியதாயிற்று. மாட்டுப் பாலின் பணம் அதற்கே சென்றது. மாமியார் தார் சுற்ற அமர்ந்தார். கார்த்திகை முடிவில் கன்னம் உலர்ந்து, மலத்தில் இரத்தம் நின்றது. பின்னர் மருத்துவர் சொன்ன நாளில் தாய் ஒரு குவளைப் பால் அருந்தினாள். மூன்றாம் நாள் கன்னம் மீண்டும் சிவந்தது. ஐயம் தீர்ந்தது.

இவ்வகைக் குழந்தைகளில் பெரும்பாலோர்க்கு மூன்று முதல் ஐந்து வயதுக்குள் பால் ஒத்துக்கொள்ளும். இக்குழந்தைக்கு ஓராண்டு நிறையும் சமயத்தில் மறுபடி சோதிப்பதாகக் கூறியுள்ளனர். ஆறாம் மாதத்தில் அரிசிப் பருப்புக் கஞ்சியும் கேழ்வரகுக் கூழும் தொடங்கலாம் என்றாராம் மருத்துவர். பொங்கலை அடுத்து நாம் மீண்டும் சென்றபோது, குழந்தையின் கைகளில் துணிக்கட்டு இல்லை. மூதாட்டியின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. மீந்த இரண்டு டப்பா மாவை என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். “கன்னுக்குட்டிக்குக் கலக்கி வச்சோம் ஐயா. அதுக்கு ஒண்ணும் செய்யல” என்றார்.